வெற்றிலைப் பெட்டியும் பிந்தி வந்த சட்டமும்: கல்லாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பத்தொரு வருடம் தோட்டத்து டிரெஸராக, அதாவது கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக, இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு மலேசியாவின் பெராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் தம்பியின் மளிகைக்கடையில் சாயங்கால நேரம் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறேன். சாமான் வாங்க வருகிறவர்கள் பாதிப் பேர் என்னிடம் பழகியவர்கள். என் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்களும் உண்டு. சாமான் கட்டி முடிப்பதற்குள் ஒரு சந்தேகம் வரும். புற்றுநோயைப் பற்றி மட்டும் வந்த கேள்விகளை ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதி வைத்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

டிரெஸரையா, புத்து வர்றது தலையெழுத்து. அதுல கவர்மெண்டு என்ன பண்ண முடியும்?

எல்லாப் புற்றையும் தடுக்க முடியாது, சரி. சிலவற்றைத் தடுக்கலாம். மஞ்சள் காமாலை கொண்டுவரும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடம்பில் தங்கிவிட்டால் பல வருடம் கழித்து ஈரல் புற்றில் கொண்டுபோய் விடலாம். அதற்குத் தடுப்பூசி 1980களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. தைவான் பச்சைக் குழந்தைகளுக்கு 1984இல் போட ஆரம்பித்தது. பிள்ளைகளுக்கு வரும் ஈரல் புற்று அங்கே ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை 1997இல் எழுதினார்கள். மலேசியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று வந்தது 1989இல்.

லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடுகளில், ஒரே வீட்டில் அண்ணன் பிறந்தது 1986, தம்பி 1990. ஒரே சோறு, ஒரே கிணறு. தம்பிக்கு அந்த ஊசி உண்டு, அண்ணனுக்கு இல்லை. இதைத் தலையெழுத்து என்று சொன்னால், எழுதிய கை எந்த அலுவலகத்தில் இருந்தது என்றும் கேட்க வேண்டும்.

இப்ப சட்டம் போட்டா எப்ப பலன் தெரியும்?

ரப்பர் கன்று நட்டால் ஆறு ஏழு வருடத்தில் பால் வெட்டலாம். செம்பனை மூன்று வருடத்தில் குலை தள்ளும். புகையிலைப் புற்றுக்கு இருபது, முப்பது வருடம். இன்றைக்குச் சிகரெட்டைக் கட்டுப்படுத்தினால், ஆஸ்பத்திரி வார்டில் கட்டில் காலியாவது பேரப்பிள்ளை காலத்தில்தான். தேர்தலோ ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. தள்ளிப்போடுகிறவர் மேல் யாரும் பழி சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். அவர் தள்ளிப்போட்டதால் வந்த நோயை வேறொரு மந்திரி காலத்தில்தான் எண்ணுவார்கள்.

சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை டால், ஹில் என்ற இருவர் இங்கிலாந்தில் 1950இலேயே காட்டிவிட்டார்கள். இங்கே புகையிலைக் கட்டுப்பாட்டு விதிமுறைகள் 1993இல் வந்தன. சாப்பாட்டுக்கடையில் புகைக்கக் கூடாது என்பது 2019இல். அதற்குள் ஒரு தலைமுறை தே தாரிக் என்ற ஆற்றிய டீயோடு சேர்த்துப் புகையையும் குடித்துவிட்டது.

எங்க ஆயா தொண்ணூறு வயசு வரைக்கும் வெத்தல போட்டுச்சு. ஒண்ணும் ஆகலையே?

இந்த ஒரு கேள்விக்கே நோட்டில் நான்கு பக்கம் இருக்கிறது. உங்கள் ஆயா இருந்தார், அதனால் நாம் பார்க்கிறோம். ஐம்பத்தைந்தில் போனவர்கள் கல்யாண வீட்டுக்கு வந்து தாடையைக் காட்ட மாட்டார்கள். போடுகிற எல்லாருக்கும் வருவதில்லை. போடாதவர்களை விடப் போடுகிறவர்களில் நிறையப் பேருக்கு வருகிறது.

எப்படிப் போட்டார் என்பதும் முக்கியம். சாப்பாட்டுக்குப் பின் ஒரு சுருள் போட்டுத் துப்பிவிடுவது ஒன்று. நான் தோட்டத்தில் பார்த்தது வேறு. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரும்போதே கன்னத்தில் ஒரு உருண்டை ஒதுங்கியிருக்கும். மரம் வெட்டி முடிக்கும்வரை பசி தெரியாது, தூக்கம் வராது. பத்து மணிக்கு மாற்றி வைப்பார்கள். சிலர் ராத்திரியும் அதோடேயே படுப்பார்கள். எந்தக் கன்னத்தில் ஒதுக்குவாரோ அந்தக் கன்னத்தில்தான் புண் வரும். வலக் கன்னமா இடக் கன்னமா என்று முதலில் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் டார்ச் அடிப்பேன்.

வெத்தல மருந்துன்னு சொல்றாங்க. சாமிக்கே வைக்கிறோம். அதுல போய் எப்படிப் புத்து?

இலையின் மேல் பழி இல்லை. குற்றவாளி பாக்கு. கூட்டாளி புகையிலை. சுண்ணாம்பு அந்த இரண்டும் வாயின் தோலில் இறங்க வழி செய்து கொடுக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இருக்கும் புற்றுநோய் ஆய்வு முகாமை, புகையிலை சேர்த்த தாம்பூலம் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று 1985இல் சொன்னது. பாக்கு தனியாகவே உண்டாக்கும் என்பதை 2004இல் வெளியிட்டது.

தாம்பாளத்தில் வைத்துக் கும்பிடுவதில் ஒரு ஆபத்தும் இல்லை.

பொகையில இல்லாம வெறும் பாக்கு போட்டா பரவால்லையா?

புகையிலையோடு போடுவதை விட ஆபத்து குறைவு. ஆனால் ஆபத்து இல்லாமல் போகாது. மேலே சொன்ன இரண்டு வருடங்களையும் பாருங்கள், 1985, 2004. நடுவே பத்தொன்பது வருடம். அந்தப் பத்தொன்பது வருடத்தில் என்னைப் போன்றவர்கள் தோட்டத்துக் கிளினிக்கில் உட்கார்ந்து என்ன சொன்னோம்? “அக்கா, புகையிலையை விட்டுடுங்க, பாக்கு பரவாயில்லை.” இந்தியாவில் பாக்கு மட்டும் மெல்லுகிறவர்களுக்கு வாய் இறுகிப்போவதைப் பல் டாக்டர்கள் முன்பே எழுதியிருந்தார்கள். அது என் மேசைக்கு வரவில்லை.

நான் சொன்னதை அப்படியே கேட்ட ஒரு அக்கா உண்டு. பால்மரம் வெட்டியவர். புகையிலையை மறுநாளே நிறுத்தினார், பாக்கை அந்த அளவுக்குக் கூட்டிக்கொண்டார். எட்டு, ஒன்பது வருடம் கழித்து, ரசம் கூட எரிகிறது என்று வந்தார். வாயைத் திறக்கச் சொன்னேன். என் ஒரு விரலும் பாதியும்தான் நுழைந்தது. உள்ளே கன்னம் வெளுத்து, தடவினால் கயிறு கயிறாகத் தட்டுப்பட்டது. பாக்கினால் கன்னத் தோலுக்கு அடியில் தழும்பு இறுகிப்போகும் நோய் அது; புற்றுக்கு முன்படி. நான் பொய் சொல்லவில்லை, எனக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னேன். அந்த அக்காவிடம் இதை விளக்க எனக்கு வாய் வரவில்லை.

சிகரெட்டு டப்பாவுல பயங்கரமா படம் போடுறான். சீவல் பொட்டலத்துல ஏன் ஒண்ணுமில்ல?

புகையிலைக் கட்டுப்பாட்டுக்கென்று உலக நாடுகள் சேர்ந்து ஒரு உடன்படிக்கை செய்தன. மலேசியா அதில் 2005இல் சேர்ந்தது, 2009இல் சிகரெட் பெட்டியில் படம் வந்தது. அந்த உடன்படிக்கை புகையிலைக்கு மட்டும். பாக்கு புகையிலை இல்லையே. மளிகைச் சாமான், பூசைச் சாமான், சீர்வரிசைச் சாமான். எங்கள் கடைக்கு வரும் பொட்டலத்தில் கம்பெனிப் பெயரும் எடையும் ஒரு மயில் படமும் இருக்கின்றன.

பெரிய கம்பெனி விற்கும் பொருளென்றால் எதிர்த்துப் போராட ஆள் சேரும். பாக்கை விற்பது என் தம்பி மாதிரி ஆட்கள். போடுகிறவர்கள் தோட்டத்துக் கிழவிகள். இந்த நாட்டில் வாய்ப் புற்று இந்தியர்களிடமும் சபா, சரவாக் பூர்வகுடிகளிடமும்தான் அதிகம். இரண்டுமே கோலாலம்பூரில் சத்தம் கேட்காத கூட்டம். இது என் அபிப்பிராயம், யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

வாயில என்னத்த பார்க்கணும்? வலி இருந்தாத்தானே தெரியும்?

வலி கடைசியில்தான் வரும், அதுதான் மோசம். கண்ணாடி முன்னால் நின்று டார்ச் அடித்து, கன்னத்தை விரலால் இழுத்துப் பாருங்கள். நாக்கைத் தூக்கி அடியையும் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, பட்டுத்துணி போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கட்டி, காரணமில்லாமல் ஆடும் பல். இதில் எது இருந்தாலும் போய்க் காட்டுங்கள். அப்புறம் மூன்று விரல் சோதனை: உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே விட முடிய வேண்டும்.

காட்ட வேண்டியது பல் கிளினிக்கில். பல் வலித்தால்தான் அங்கே போக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் ஆகும் செலவு ஒரு பொட்டலம் சீவலை விடக் குறைவு.

டார்ச் விளக்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். திருவனந்தபுரத்தில் 1996 முதல், டாக்டர் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஊழியர்களை வீடு வீடாக அனுப்பி வாயைப் பார்க்க வைத்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப் புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் முடிவு வந்தது.

முன்ன தோட்டத்துக்குப் பல் டாக்டர் வண்டி வரும். எங்கள இங்க மாத்தின பிறகு ஏன் ஒருத்தரும் வர்றதில்ல?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காக. சுகாதார அமைச்சு 1990களின் பிற்பகுதியில் வாய்ப் புற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு திட்டம் தொடங்கியது. யாருக்கு அதிகம் வருகிறது என்று சரியாகப் பார்த்து, தோட்டத்து இந்தியர்களைப் பட்டியலில் முன்னால் வைத்தார்கள். நல்ல திட்டம். வந்த குழுவோடு நானே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டாயில் பெஞ்சு, ஜன்னல் பக்கம் வெளிச்சம், வரிசையாக வாய்கள்.

ஆனால் அதற்குள் தோட்டமே கலைய ஆரம்பித்துவிட்டது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், சில தோட்டங்களைத் துண்டு போட்டு வீடமைப்புக்கு விற்றார்கள். லயத்தில் இருந்தவர்கள் டவுனுக்கு அடுக்குமாடிக்கும் மலிவு வீட்டுக்கும் வந்தார்கள். வெற்றிலைப் பெட்டியும் கூடவே வந்தது. திட்டமோ தோட்டம் என்ற இடத்தைத் தேடியது. குழு நான் இருந்த தோட்டத்துக்குக் கடைசியாக வந்தபோது பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் பாதிக்கு மேல் இந்தோனேசியத் தொழிலாளிகள். இருபது வருடம் மென்ற நம் அக்காக்கள் எட்டு கிலோமீட்டர் தள்ளி, மூன்றாம் மாடியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திட்டம் பிந்தினால் பலன் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். அந்த இடைவெளியில் ஆட்கள் இடம் மாறிவிடுகிறார்கள், தேடுகிற முகவரியே செத்துப்போகிறது. 1980இல் லயத்துக்கு வந்திருந்தால் ஒரு பெரட்டில் எல்லார் வாயையும் பார்த்திருக்கலாம். இப்போது ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். தட்ட ஆளில்லை. அதனால் நீங்களாகப் போங்கள். தோட்டத்தில் வெற்றிலை போட்டவள் என்று பல் கிளினிக்கில் வாய் விட்டுச் சொல்லுங்கள்.

வெத்தல போடாத எங்கம்மாவுக்கும் புத்து வந்துச்சு. மருந்தடிச்சதாலதானே?

அவரவருக்கு எதனால் வந்தது என்று கடைக் கல்லாவில் உட்கார்ந்து சொல்ல முடியாது. நாம் அடித்த பாராகுவாட் என்ற களைக்கொல்லி மருந்தின் தெளிவான கேடு விஷம்: நகம் கழல்வது, மூக்கில் ரத்தம், உள்ளே போனால் நுரையீரல் இறுகிச் சாவு. அது புற்று உண்டாக்கும் என்று உறுதியாக நிறுவப்படவில்லை. கிளைஃபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியைப் பற்றி, மேலே சொன்ன அதே புற்றுநோய் ஆய்வு முகாமை 2015இல் ‘அநேகமாகப் புற்று உண்டாக்கும்’ என்றது. ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

பாராகுவாட்டின் தேதிகளை மட்டும் சொல்கிறேன். 2002இல் தடை என்றார்கள். அப்போது தெனாகானித்தா போன்ற தொழிலாளர் உரிமை அமைப்புகள் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை வெளியே கொண்டுவந்திருந்தன. 2006இல் தடையை எடுத்தார்கள். மறுபடி முழுத் தடை 2020 ஜனவரி 1 முதல். நடுவே போன பதின்மூன்று வருடம் முழுக்க முதுகில் தொட்டி சுமந்தவர்களின் காலம்.

வேப்புக்கு ஒரு சட்டமும் இல்லையா? ஃபார்ம் டூ படிக்கிற பையன் பையில வச்சிருக்கான்.

இப்போது இருக்கிறது. நடுவில் இல்லாமல் இருந்தது. வேப் என்ற மின்சிகரெட்டில் ஊற்றும் நிக்கோட்டின் திரவம் விஷப் பொருள் பட்டியலில் இருந்தவரை அதைக் கண்டவர் விற்க முடியாது, சட்டப்படி. 2023 ஏப்ரல் 1 முதல் மில்லிலிட்டருக்கு 40 காசு வரி விதிப்பதற்காக அதைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்ற புதிய சட்டம், சட்டம் 852, நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 1. பதினெட்டு மாதம் கதவு திறந்தே கிடந்தது. வரி முதலில் வந்தது, பூட்டு பின்னால் வந்தது.

உங்கள் பையன் அந்தப் பதினெட்டு மாதத்தில்தான் பழகியிருப்பான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பழகியவனுக்கு நிக்கோட்டின் விடாது. திட்டுவதை விட, அரசாங்கக் கிளினிக்கில் புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவு உண்டு, கூட்டிக்கொண்டு போங்கள்.

2007க்கு அப்புறம் பொறந்தவனுக்கு சிகரெட்டே கிடையாதுன்னாங்களே, அது என்ன ஆச்சு?

2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கு என்றைக்குமே விற்கக் கூடாது என்பதுதான் முதலில் இருந்த திட்டம். கைரி ஜமாலுடின் சுகாதார அமைச்சராக இருந்தபோது 2022இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. குழுவுக்குப் போனது, நாடாளுமன்றம் கலைந்தது, 2023இல் மறுபடி வந்தது, மறுபடி குழுவுக்குப் போனது. கடைசியில், வயதைப் பார்த்துப் பிரிப்பது அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு சொல்லும் சமத்துவத்துக்கு எதிரானது என்ற சட்டத்துறைத் தலைவரின் கருத்தைக் காட்டி அந்தப் பகுதியை நீக்கினார்கள். மீதிதான் 2023 நவம்பர் 30 அன்று மக்களவையில் நிறைவேறியது.

2007இல் பிறந்த பிள்ளைகளுக்கு 2025இல் பதினெட்டு முடிந்துவிட்டது. இப்போது சட்டப்படியே வாங்கலாம். மாலத்தீவு அதே 2007 ஜனவரி 1 என்ற தேதியை வைத்து 2025 நவம்பரில் தடையைக் கொண்டுவந்துவிட்டது. பரப்பளவில் நம் பெராக்கில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத தேசம்.

மகளுக்குப் பள்ளியில ஊசி போட்டாங்க. எனக்கு யாரும் போடல. இப்ப நான் என்ன பண்றது அண்ணே?

அது கருப்பைவாய்ப் புற்றுக்கான எச்.பி.வி. ஊசி. உலகத்தில் 2006இல் வந்தது, மலேசியப் பள்ளிகளில் 13 வயதுப் பெண்களுக்கு 2010இல் தொடங்கியது. இந்த விஷயத்தில் நம் நாடு சுறுசுறுப்பாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் 1996இல் பிறந்த பெண்ணுக்கு அந்த வருடம் வயது பதினான்கு. ஒரு வருடத்தில் தவறிவிட்டது. உங்கள் வயதுக்காரர்களுக்குப் பேச்சே இல்லை.

தவறியவர்களுக்கு இருக்கும் வழி பரிசோதனை. முப்பது வயது தாண்டிய பெண்கள் கேளுங்கள். வெட்கப்பட்டே பல பேர் போவதில்லை. என் வீட்டம்மாவும் அப்படித்தான். இப்போது திரைக்குப் பின்னால் நீங்களே பஞ்சுக் குச்சியால் எடுத்துக் கொடுக்கும் முறை வந்துவிட்டது. மலாயாப் பல்கலைக்கழகம் 2018இல் தொடங்கிய ரோஸ் திட்டம் அப்படிப்பட்டது. ஊசி போட்ட மகளும் முப்பதுக்குப் பிறகு பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

லேட்டா பார்த்தா என்ன? இப்பல்லாம் மருந்து இருக்கே.

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 2007 முதல் 2011 வரை மூன்றாம், நான்காம் கட்டத்தில் வந்தவர்கள் 58.7 விழுக்காடு. 2012 முதல் 2016 வரை 63.7. மருந்து கூடக் கூட, ஆட்கள் இன்னும் பிந்தி வருகிறார்கள்.

வாய்ப் புற்று பிந்தினால் எப்படி என்று சொல்கிறேன். முன்னால் வந்தால் ஒரு திட்டை வெட்டி எடுப்பதோடு போகலாம். பின்னால் வந்தால் தாடை எலும்பு, கழுத்துக் கட்டி, அப்புறம் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம் கதிர்வீச்சு. கதிர்வீச்சு இருக்கும் ஊருக்கு யார் கூட்டிப்போவது, மகன் எத்தனை நாள் லீவு போடுவான்? நான் அறிந்த ஒரு குடும்பம் பாதியில் நிறுத்தியது இந்தக் கணக்கினால்தான். உதவித் தொகை வாங்கும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெக்கா பி40 என்ற திட்டம் 2019 முதல் இருக்கிறது. இலவசப் பரிசோதனை, புற்றுச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1000 வெள்ளி (ரிங்கிட்), போக்குவரத்துக்கும் ஒரு தொகை. அந்தக் குடும்பத்துக்கு அதை யாரும் சொல்லவில்லை. எழுதிக்கொடுத்து அனுப்பிய கிளினிக்கும் சொல்லவில்லை.

இவ்வளவு பேசுறீங்க, நீங்களே வெத்தல பாக்கு விக்கிறீங்களே ஐயா?

விற்கிறோம். மெல்லும் புகையிலையையும் தொங்கவிடும் சின்னப் பொட்டலங்களையும் தம்பியிடம் சண்டை போட்டு எடுத்துவிட்டேன். வெற்றிலையும் பாக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வேண்டும் என்கிறான், அது உண்மையும்தான். யாருக்குப் பூசைக்கு, யாருக்கு வாய்க்கு என்று கல்லாவில் இருப்பவனுக்குத் தெரியாதா? தெரியும். அதனால் கல்லாவுக்குக் கீழே ஒரு டார்ச் வைத்திருக்கிறேன்.

போன மாதம் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பங்களாதேஷ் தம்பி வந்தான். வயது முப்பது இருக்கும். கன்னம் உப்பியிருந்தது. மலாயில் கேட்டு வாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டு விரல்தான் நுழைந்தது. அந்த அக்காவின் கயிறு இவன் கன்னத்திலும் தட்டுப்பட்டது. பல் கிளினிக் இருக்கும் இடத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு, வேலை வாங்கும் மண்டோர் லீவு தர மாட்டார் என்றான். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டு வந்த ஐந்து வெள்ளிப் பாக்கையும் வாங்கிக்கொண்டுதான் போனான். நான்தான் நிறுத்துக் கொடுத்தேன்.